மான் சீசனில் ஒரு முகூர்த்தம்

ஆகஸ்ட் 30, சனி

மகள் மாரியின் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்டது. நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை. ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய பெரிய மண்டபம். கோடை முழுக்க ஒரு சனிக்கிழமைகூட இல்லை என்று கையை விரித்த பெண்மணி, நவம்பர் என்றதும் முகம் மலர்ந்து வாடகையில் கால்வாசியைத் தள்ளுபடியும் செய்தாள். "இருபத்திரண்டா? நிச்சயமா இருபத்திரண்டுதானா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். இவர் வழி நெடுக ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். "பேரம் பேசத் தெரியணும் செம்பகம். வாயைத் தொறந்தேன், கால்வாசி போச்சு பாத்தியா." இவர் வாயைத் திறக்கவே இல்லை, அவளாகத்தான் கொடுத்தாள். சந்தோஷமாக இருக்கிற மனுஷனை எதற்குக் கலைப்பது என்று நான் பேசாமல் வந்தேன்.

தேதி குறித்தது பெரியத்தான், இவருடைய அண்ணன். சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறார். நல்ல நேரம், ராகு காலம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் அவர் அடித்தால்தான் ஊரில் பொழுது விடியும் என்பது இவர்கள் குடும்பத்து நம்பிக்கை. சனிக்கிழமையில் தாலி கட்டுவதா என்று முதலில் குதித்தார். அமெரிக்காவில், இந்த விஸ்கான்சினில் மற்ற நாளில் ஒருத்தருக்கும் லீவு கிடைக்காது என்று இவர் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் ராகு காலம் கழித்துப் பத்தே முக்காலுக்கு ஒரு நேரம் வாங்கினார். "இதுக்கு மேல என்னைக் கேக்காதப்பா" என்று பெரியத்தான் போனை வைத்தார். அவருக்கும் சொந்தக்காரர்களுக்கும் விமான டிக்கெட் போட்டாகிவிட்டது.

அடுப்படியில் பாங்கு கொடுத்த காலண்டர் ஒன்று தொங்குகிறது. நவம்பர் இருபத்திரண்டில் ஒரு கொம்பு மான் படம் போட்டிருக்கிறார்கள். நல்ல சகுனம் என்று அதற்குக் குங்குமம் வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

சம்பந்தி வீட்டுக்குப் போய்த் தேதி சொன்னோம். வெய்னும் டார்லீனும் பழப்பணியாரம் சுட்டு வைத்திருந்தார்கள். அதை இங்கே பை என்கிறார்கள். வெய்ன் ஆறடிக்கு மேல். பேச்சு மட்டும் ஓரடி. இவர் தேதியைச் சொன்னதும் வெய்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்தார். பிறகு, "சரி. அது சரியா வரும்" என்றார். எழுந்து வண்டிக் கொட்டகைக்குப் போனவர் நாங்கள் கிளம்பும் வரை வரவில்லை.

மாப்பிள்ளை நேட் ஏதோ சொல்ல வாயெடுத்து, பணியாரத்தில் ஒரு துண்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான். டார்லீன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நல்ல மனுஷங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல" என்றார் இவர்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாலிக்கொடிக்கு மாதிரி வந்தது. ரசம் கொஞ்சம் உப்பு.

செப்டம்பர் 13, சனி

குடி முழுகிவிட்டது.

மாரி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றாள். மாரீஸ்வரி என்று மாமியார் பெயரைத்தான் வைத்தோம். சம்பந்தி வீட்டில் மேரி ஆகிவிட்டாள். "அம்மா, நேட் பக்கத்துலருந்து வர்றது மொத்தம் ஒம்பது பேரு. அதுல ரெண்டு கைக்குழந்தை" என்றாள்.

நவம்பர் இருபத்திரண்டு மான் சீசன் திறக்கிற நாளாம். நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை திறந்து ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். மாநிலத்தில் பாதி ஆண்பிள்ளைகள் காட்டில் இருப்பார்கள். வெய்னுடைய தம்பிகள், மச்சினன்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வெய்னின் நாற்பது ஏக்கர் காட்டில் பரண் கட்டி உட்காருவார்கள். நேட்டின் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

"தீவாளி அன்னிக்கு நம்மூர்ல யாராச்சும் கல்யாணம் வைப்பாங்களாம்மா?"

"வைக்க மாட்டாங்க. அந்தப் பய அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?"

"உங்க சாமி குறிச்ச தேதி, மாத்தச் சொல்லக் கூடாதுன்னு நினைச்சுட்டான்."

சாமி குறிக்கவில்லை, சிவகாசிதான் குறித்தது. அதை அவனுக்கு யார் விளக்குவது. இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஒரு மானுக்காக எம் மக கல்யாணத்துக்கு வர மாட்டாகளா? மான் எங்க ஓடிப் போகுது?" என்றார். மான் ஓடத்தான் போகும் என்று நான் சொன்னதற்கு முறைத்தார்.

மாரி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நம்ம பக்கம் இருநூறு பேரு, அவன் பக்கம் காலி நாற்காலி. அப்படி ஒரு மேடையில நான் ஏற மாட்டேன்ப்பா. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டு சியாட்டில் கிளம்பிருவோம். அவனுக்கு டிசம்பர்ல வேலை தொடங்குது" என்றாள். சொன்னால் செய்கிற பிள்ளை. அது இவர் பக்கத்து ரத்தம்.

எனக்கொன்றும் இல்லை. கோர்ட்டில் கட்டினாலும் கல்யாணம் கல்யாணம்தான். வெண்டைக்காய் நறுக்கி வைத்தேன், யாரும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இவர் மான் வேட்டை விதிப் புத்தகம் வாங்கி வந்துவிட்டார். காகித ஆலையில் இன்ஜினியர்; எதற்கும் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். சாமி அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, சிவப்பு மையும் பச்சை மையுமாக அடிக்கோடு போடுகிறார். சட்டத்தில் ஓட்டை தேடுகிறாராம்.

"இந்தா பாரு. வில்லுக்கு ஒரு சீசன், அது இப்பவே தொடங்கியாச்சு. அப்புறம் துப்பாக்கி. அது முடிஞ்ச மறுநாளே கரிமருந்துத் துப்பாக்கிக்குப் பத்து நாள். அதுவும் போச்சுன்னா கொம்பில்லாத மானுக்குத் தனியா நாலு நாள். இவ்வளவு நாள் கெடக்கு, நம்ம தேதியிலதான் சுடணுமா?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கீக? சுடறவுககிட்ட கேளுங்க."

"கேக்கத்தான் போறேன். சட்டம் தெரியாமப் போனா மதிக்க மாட்டான்."

செப்டம்பர் 21, ஞாயிறு

போனோம். இவர் புத்தகத்தில் காகிதம் சொருகி அடையாளம் வைத்து, வக்கீல் மாதிரி வெய்ன் முன்னால் உட்கார்ந்தார். கரிமருந்து சீசனை எடுத்துச் சொன்னார். வெய்ன் பொறுமையாகக் கேட்டார்.

"அது வேற" என்றார்.

கொம்பில்லாத மான் சீசனைச் சொன்னார் இவர்.

"அதுவும் வேற."

"என்னங்க வேற? அதே காடு, அதே மான்."

வெய்ன் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "திறக்கிற நாள் காலையில, இருட்டுல, என் தம்பிங்க எல்லாரும் ஒரே வீட்டுல எந்திரிப்போம். வருஷத்துல அந்த ஒரு நாள்தான்" என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசியதே அதிசயம். "நான் வருவேன். என் பையன் கல்யாணம். பன்னிரண்டு வயசுலருந்து ஒரு தடவைகூட விட்டதில்ல, இந்தத் தடவை விட்டுர்றேன். தம்பிங்களுக்காக நான் சொல்ல முடியாது."

இவர் புத்தகத்தில் சொருகிய காகிதங்களை ஒவ்வொன்றாக உருவினார். நாங்கள் ஊரைக் கூட்டிப் பொங்கல் வைப்பதும் அதற்குத்தானே.

அதற்குள் டார்லீன் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போய்விட்டாள். "தயவுசெஞ்சு தேதியை மாத்திராதீங்க" என்றாள் ரகசியமாக. நேட் பிறந்தது ஒரு சீசன் திறந்த காலையிலாம். இவளுக்கு வலி எடுத்தபோது வெய்ன் பரணில் இருந்திருக்கிறார். மானை அடித்து, இழுத்து வந்து, அப்போதிருந்த சட்டப்படி பதிவுக் கடையில் கொண்டுபோய்க் காட்டிப் பதிந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். சட்டையில் மான் முடியோடு.

"முப்பது வருஷமாக் காத்திருக்கேன். திறக்கிற நாள்ல கோட்டு டை கட்டி, என் பக்கத்துல, நாள் முழுக்க உக்காரணும். உங்க ஜோசியக்காரருக்குக் கோயில் கட்டலாம்" என்றாள். அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தாள் என்று இப்போது புரிந்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. இவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

இவர் வேட்டை லைசென்ஸ் எடுக்கப் போகிறாராம். "வெளிய நின்னு சட்டம் பேசுனா எடுபடாது. உள்ள போயிப் பேசணும்" என்கிறார். புழுவை மிதித்தாலே காலைக் கழுவுகிற ஆள்.

அதில் ஒரு வேடிக்கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று சனவரிக்கு முன்னால் பிறந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. இவர் பிறந்தது எழுபத்திரண்டு கார்த்திகையில், மாமியார் அடை மழையோடு சேர்த்துச் சொல்வார். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர், நம்மூரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற மாதிரி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார். பாஸ்போர்ட்டும் அப்படித்தான். ஆக, எட்டையபுரம் பக்கத்து ஹெட்மாஸ்டர் ஒருவர் புண்ணியத்தில் இவர் விஸ்கான்சினில் வகுப்புக்குப் போக வேண்டும். "நிசமான தேதியைச் சொல்லிப் பாத்தேன். நம்ப மாட்டேங்கிறாக" என்று வருத்தப்பட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

வகுப்புப் பரீட்சை. ஆறாங்கிளாஸ் பிள்ளைகள் நடுவில் இவர் ஒருத்தர்தான் வழுக்கை. ஒரே ஒரு கேள்வி தப்பாம். எது என்று சொல்ல மறுக்கிறார். காட்டில் இன்னொரு ஆளைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியாக இருக்கும். "எந்த ஊரு, யாரு வீடு" என்று விசாரிக்க வேண்டும் என எழுதியிருப்பார்.

தேறிவிட்டார். சான்றிதழை மாரிதான் சட்டம் போட்டு மாட்டினாள். மூன்று வாரத்தில் அவள் வீட்டில் சிரித்தது இன்றுதான்.

அக்டோபர் 11, சனி

ஆரஞ்சுக் கோட்டு வந்தது. இடுப்புக்கு மேலே பாதிக்காவது அந்தக் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இளஞ்சிவப்பும் போடலாமாம். இவர் கண்ணாடி முன்னால் நின்று, "ஆளு எப்படி?" என்றார். "ரோடு போடற காண்ட்ராக்டர் மாதிரி" என்றேன்.

மாரி கோர்ட்டில் தேதி கேட்டு வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. பத்திரிகை அடிக்கட்டுமா வேண்டாமா என்று பெரியத்தான் தினமும் கேட்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்று இவர் தினமும் சொல்கிறார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் எண்ணெய் தேய்த்து இவரை உட்கார வைத்தேன். ஊறுகிற நேரத்தில் சும்மா இருக்காமல் ஒரு கையில் பெரியத்தான் காலண்டர், ஒரு கையில் மான் புத்தகம். எண்ணெய் இரண்டிலும் சொட்டியது. நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். "செம்பகம், இங்க வா" என்று ஒரு குரல்.

"என்ன, கண்ணுல எண்ணெ பட்டுருச்சா?"

"சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாலருந்துதான் சுடலாம். அதுக்கு முன்னால சுட்டா லைசென்ஸ் போயிரும். நவம்பர்ல இங்க ஏழு மணிக்குத்தான் விடியும். அப்ப ஆறரை வரைக்கும் ஒரு பய துப்பாக்கியைத் தொட முடியாது."

"சரி."

"நம்மூர்ல எத்தனை கல்யாணம் விடிகாலை நாலரைக்கு நடக்குது? நம்ம கல்யாணம் எத்தனை மணிக்கு?"

நாலே முக்காலுக்கு. நான் தூங்கி விழுந்து, இவர் தங்கச்சி என் இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தாள். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

எண்ணெய்த் தலையோடு சிவகாசிக்குப் போன் போட்டார். பெரியத்தானுக்கு அங்கே சாயந்தரம், பட்டாசுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இவர் கத்த, அவர் கத்த, ஒருவழியாக விளங்கியது. "அட கிறுக்கா. பிரம்ம முகூர்த்தத்துக்குக் கிழமை தோசமே கிடையாது. சனிக்கிழமைன்னு நான் ரெண்டு மாசமா உறக்கமில்லாமக் கெடக்கேன், இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார். நாலரையிலிருந்து ஆறு வரை. மண்டபத்திலிருந்து வெய்னின் காடு இருபது நிமிஷம்.

நேட் தன் சித்தப்பாக்களைக் கூப்பிட்டுக் கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். கடைசிச் சித்தப்பா, "காலையில நாலரையா? அன்னிக்கு நாங்க மூணுக்கே முழிச்சிருப்போம். சாப்பாடு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றதும், "அப்ப என்ன, வந்துர்றோம்" என்றார். இந்த நாட்டில் அந்த நேரத்துக்குக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரே கூட்டம் இதுதான் போலிருக்கிறது.

மாரி இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புதுச் சுடிதாரெல்லாம் எண்ணெய்.

அக்டோபர் 21, செவ்வாய்

டார்லீனுக்கு நானேதான் போன் செய்தேன். முகூர்த்தம் நாலரைக்கு மாறிய கதையைச் சொன்னேன். "ஓ. அது சரியா வரும்" என்றாள்.

இந்த ஊர்க்காரர்கள் "சரியா வரும்" என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நவம்பர் 2, ஞாயிறு

பன்னிரண்டு நாளாக டார்லீனிடமிருந்து போன் இல்லை. எனக்கொன்றும் இல்லை. அதிரசம் மீந்து கிடந்தது, அதைக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். காபி போட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் நான் கேட்டுவிட்டேன். "கோவமா?"

"கோவம் இல்ல. ஒரே ஒரு நாள் கேட்டேன். அதையும் உங்க வீட்டுக்காரர் புத்தகத்தைப் படிச்சு, வெய்னுக்கே திருப்பிக் கொடுத்துட்டாரு" என்றாள். பாவம், கண் கலங்கிவிட்டது.

நான் என்ன சொல்வேன். மாரி பிறந்தது மார்கழியில். புது வருஷத்துக்குக் காலண்டர் ஓடுகிற நேரம், சிவகாசியில் அச்சகத்துக்காரன் பெண்டாட்டி அப்போது பிள்ளை பெறவே கூடாது. இவர் அப்போது அண்ணனுக்கு உதவியாக மிஷினில் நின்றார். மூன்றாம் நாள் வந்தார், கை நிறைய மையோடு. பிள்ளையைத் தொடக்கூட விடவில்லை என் அம்மா. இதை டார்லீனிடம் சொன்னேன். "உங்களுக்கு மான் முடி, எனக்கு மை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், விக்கல் எடுக்கிற வரைக்கும் சிரித்தாள். அதிரசத்தில் மூன்று தின்றாள். ஆனால் வருத்தம் போகவில்லை. எனக்கும் போகவில்லை, ஏனோ.

நவம்பர் 17, திங்கள்

பெரியத்தானும் பரிவாரமும் வந்து இறங்கினார்கள். குளிரில் அவர் போர்வையை விட்டு வெளியே வர மறுக்கிறார். நாற்பது பேருக்கு ரசம் வைத்தேன்.

மாரியும் நேட்டும் கல்யாணத்தன்று மத்தியானமே சியாட்டில் விமானம் ஏறுகிறார்கள். வீடு பார்க்க வேண்டுமாம். அவள் அறையைக் காலி செய்து, நாலு பெட்டி கட்டியாகிவிட்டது. இடம் கிடைத்தது நல்லதுதான், பெரியத்தானை அங்கே படுக்க வைக்கலாம்.

நவம்பர் 20, வியாழன்

இவர் நிஜமாகவே லைசென்ஸ் சீட்டை வாங்கி வந்துவிட்டார். சீசன் திறப்பதற்கு முன்னால் எடுத்தாக வேண்டுமாம். "எதுக்கு? காரியம்தான் முடிஞ்சிருச்சே" என்றேன். "பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிருக்கேன், விட்டுரச் சொல்லுதியா?" என்றார். வெய்னின் தம்பி ஒருவர் பரணும் துப்பாக்கியும் தருகிறாராம். கல்யாணத்துக்கு மறுநாள் சாயந்தரமோ அதற்கு அடுத்த நாளோ போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 22, சனி

மூன்று மணிக்கு மண்டபத்தில் விளக்கேற்றினேன். வெளியே பனி. கோலம் போட முடியாது என்று வாசலுக்கு உள்பக்கமே போட்டோம். நாலு மணிக்கு ஒரு வண்டி வெளிச்சம் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தது. பெரிய பெரிய டிரக்குகள். அத்தனையிலிருந்தும் ஆரஞ்சுக் கோட்டுகள் இறங்கின. சித்தப்பாக்கள், அத்தைமார், பேரன் பேத்திகள், பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட. துப்பாக்கிகளை வண்டியிலேயே பூட்டிவிட்டு, காலணியைத் தட்டி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெரியத்தான் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "சாமிக்கு மாலை போட்ட கூட்டமா இது?" என்று கேட்டார்.

இந்தப் பக்கம் பட்டு, அந்தப் பக்கம் ஆரஞ்சு. நேட் பக்கத்தில் நாற்காலி பத்தாமல் நம்மவர்கள் எழுந்து கொடுத்தார்கள். மாரி மணவறைக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு நின்றாள். பிறகுதான் நடந்தாள். கெட்டிமேளத்தைப் போனில்தான் போட்டோம், அது பாதியில் நின்றுவிட்டது. வெய்னின் தம்பிகள் கைதட்டிச் சரிக்கட்டினார்கள். ஐந்தே காலுக்குத் தாலி ஏறிவிட்டது.

இட்லி, வடை, பொங்கல், சாம்பார். வேட்டைக்காரர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துச் சமையல்காரருக்குக் கண்ணில் நீர். ஆறு மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து என்னிடம் கை கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார்கள். வெய்னின் ஆரஞ்சுக் கோட்டும் நாற்காலி முதுகில் தொங்கியது. டார்லீன் அதைப் பார்க்காத மாதிரி வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெய்னின் தம்பி ஒருவர் வாசலிலிருந்து கூப்பிட்டார். வெய்ன் எழுந்தார். கோட்டை எடுத்தார். வாசல் வரை போய் அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து டார்லீன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போகலையா?" என்றாள் அவள்.

"இல்ல."

"நேரம் இருக்கே. போகலாமே. அதுக்குத்தானே இவ்வளவும்."

"தெரியும்" என்றார் வெய்ன். டையைத் தளர்த்திக்கொண்டு, "இன்னும் காபி இருக்கா?" என்று என்னைக் கேட்டார். நான் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது டார்லீன் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். காபியைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இவரைத் தேடினேன். பட்டு வேட்டி மடித்து நாற்காலியில் இருந்தது. ஆள் ஆரஞ்சுக் கோட்டோடு வாசலில் நின்றார்.

"இப்ப எங்க கிளம்பிட்டீக?"

"காட்டுக்குத்தான். லைசென்ஸ் எடுத்தாச்சுல்ல."

"இன்னிக்கா? மத்தியானம் பிள்ளை கிளம்புது."

"ஆசீர்வாதம் பண்ணியாச்சு. பெட்டி தூக்க ஆள் இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த வேட்டியை வாரிச் சுருட்டினேன். பெண்ணைப் பெற்றவன் கல்யாண மண்டபத்திலிருந்து மான் அடிக்கப் போகிறான், மாப்பிள்ளையின் அப்பன் உட்கார்ந்து விருந்தாளியைக் கவனிக்கிறான். உலகத்தில் எங்காவது நடக்குமா. மாரி மட்டும் வந்து, இவர் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, "தலைக்குக் குல்லா போடுங்கப்பா, குளிரும்" என்றாள். இவர் தலையை ஆட்டிவிட்டு டிரக்கில் ஏறிவிட்டார்.

மத்தியானம் வெய்ன்தான் பெட்டிகளை ஏற்றினார். நான் மாரியின் நெற்றியில் குங்குமம் வைத்தேன், இட்லிப் பொடி டப்பாவை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். கார் திருப்பத்தில் மறைந்த பிறகு எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டியிருந்தது. பெரியத்தானுக்கு மோர் இல்லை என்று ஒரு சண்டை. எனக்கொன்றும் இல்லை.

இருட்டிய பிறகு இவர் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. முகம் வீங்கி, கண் இரண்டும் சிவந்திருந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொடித் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"மான் வந்துச்சா?" என்றேன் கடைசியில்.

"வந்திருக்கும். நான் பாக்கல."

"அப்ப நாள் முழுக்கப் பரண் மேல என்ன செஞ்சீக?"

"அழுதேன்" என்றார். "இங்க நின்னா அவ முன்னால அழுதுருவேன், அவளும் போக மாட்டா. பரணுக்கு ஒருத்தரும் வரக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாதுன்னு சட்டமா வச்சிருக்காக. அழக் கூடாதுன்னு எங்கயும் போடல. புத்தகத்தை முழுசாப் படிச்சவன் சொல்லுதேன்."

நான் துணியை வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மாரி போன் செய்தாள். சியாட்டிலில் மழையாம். இட்லிப் பொடி கிடைத்துவிட்டதாம்.

எனக்கு எழுபத்தைந்தில்தான் பிறப்பு, நிஜத்திலும் காகிதத்திலும். அதனால் நானும் வேட்டை வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அடுத்தது எப்போது என்று இவரிடம் கேட்டிருக்கிறேன். "நீ எதுக்கு?" என்றார். "எனக்கும் ஒரு பரண் வேணும்" என்றேன். இவர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார்.